கட்டுரை வெளியிடாமல் ஆய்வேட்டைத் தர முடியாதா?

கேள்வி: மானிடவியலில் 2023 ஜூலையில் பிஎச்.டி பதிவு செய்தேன். கோர்ஸ் ஒர்க் (ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய பாடங்கள்), களப்பணி இரண்டும் முடிந்து, உறவுமுறை பற்றிய ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆய்விதழில் கட்டுரை வராவிட்டால் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள் என்றும், பணம் கட்டினால் இரண்டே வாரத்தில் போட்டுத் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2022 விதிகளில் கட்டுரை கட்டாயம் என்ற நிபந்தனை இல்லை. 2016 விதிகளில் இருந்தது: ஆய்விதழில் ஒரு கட்டுரை, கருத்தரங்கில் இரண்டு வாசிப்பு. அந்தப் பழைய விதியைக் காட்டித்தான் தரகர்கள் இன்னும் பணம் பறிக்கிறார்கள். ‘யூஜிசி கேர் பட்டியலில் உள்ள இதழ்’ என்பார்கள்; ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று யூஜிசி தொகுத்திருந்த அந்தப் பட்டியலையே 2025-இல் கைவிட்டாயிற்று.

இதில் பதிவுத் தேதி முக்கியம். புதிய விதிகளின் அறிவிக்கை வெளியானது 2022 நவம்பர் 7. அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விதிதான், இன்றைக்கு ஆய்வேடு கொடுத்தாலும் அப்படித்தான். உங்களுடன் ஒரே அறையில் எழுதுகிற சீனியருக்குக் கட்டுரை தேவைப்படலாம், உங்களுக்குத் தேவைப்படாது. அவர் சொல்வதை உங்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவு ஆணையை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் கட்டுரை கேட்கலாம். அப்படியானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். ‘இங்கே இப்படித்தான்’ என்று அலுவலகத்தில் சொன்னால் விதி எண்ணைக் கேளுங்கள். மேலே தளர்த்திய விதியைக் கீழே வாய்வார்த்தையாக இறுக்கிப் பிடிப்பதால்தான் மாணவர்கள் தரகரிடம் போய் விழுகிறார்கள்.

உங்களுக்கு உண்மையில் தேவையானவை: குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க், அதில் 55 சதவீத மதிப்பெண், மூன்றாண்டு நிறைவு, ஆலோசனைக் குழு முன் பருவந்தோறும் முன்னேற்ற அறிக்கை, சமர்ப்பிக்கும் முன் ஒரு பொது அமர்வு. பிறகு ஒப்புமைச் சோதனை: உங்கள் எழுத்தில் எத்தனை சதவீதம் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்ப்பது. 10 சதவீதம் வரை சிக்கல் இல்லை. 40-ஐத் தாண்டினால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

அடுத்த வலை இங்கேதான். சதவீதத்தைக் குறைத்துத் தருகிறோம் என்று வருகிறவர்கள் மென்பொருளில் போட்டுச் சொற்களை மாற்றிவிடுவார்கள். அத்தை மகளும் சித்தப்பா மகளும் வெறும் ‘கசின்’ ஆகிவிடுவார்கள். ஒருத்தி முறைப்பெண், இன்னொருத்தி தங்கை. உங்கள் ஆய்வே அந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வி அங்கேதான் விழும். மேற்கோள் குறியிட்டு மூலம் காட்டிய வரிகளும் துணைநூற்பட்டியலும் ஒப்புமைக் கணக்கில் வராது. முதலில் அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கி மறுபடி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

சமர்ப்பித்த ஆறு மாதத்துக்குள் மதிப்பீடும் வைவாவும் முடிய வேண்டும் என்கிறது விதி. நடைமுறையில் தேர்வாளர் பட்டியல் மேசைக்கு மேசை நகரவே மாதங்கள் போகின்றன, கேட்பாரில்லை. ஆய்வேட்டைக் கொடுத்த அன்றே தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தாண்டினால் எழுத்தில் விளக்கம் கேட்க அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.