டாங்கிள் இல்லாத டர்ன்டேபிள் வாங்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணே, நான் செந்தூல்ல இருக்கேன். மார்க்கெட்பிளேஸ்ல ஒருத்தரு பிஎஸ்3-க்கு வந்த டிஜே ஹீரோன்ற இசை கேமோட டர்ன்டேபிள், அதான் டிஜே தட்டு மாதிரி இருக்கிற கன்ட்ரோலர், 150 வெள்ளின்னு (ரிங்கிட்) போட்டிருக்காரு, கேம் டிஸ்க்கும் சேர்த்து. கன்சோல்ல சொருகுற சின்ன யுஎஸ்பி டாங்கிள் மட்டும் தொலஞ்சு போச்சாம், "புளூடூத்ல கனெக்ட் ஆகும்லா, கவலப்படாத"ன்றாரு. டெஸ்ட் பண்ணிக் காட்டுங்கன்னா அவருகிட்ட இப்ப பிஎஸ்3 இல்லையாம். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீங்க தம்பி. 50 வெள்ளிக்கு எறக்கிக் கொடுத்தாலும் வேணாம். பிஎஸ்3-யோட சாதாரண கன்ட்ரோலர் புளூடூத்ல ஓடும், அத வச்சு இதுவும் ஓடும்னு அவரு நெனக்கிறாரு, இல்ல உங்கள நெனக்க வைக்கிறாரு. டர்ன்டேபிள் அப்படி இல்ல, அதுக்குன்னே பெட்டியில ஒரு யுஎஸ்பி டாங்கிள் வரும், அந்த டாங்கிள் கூடத்தான் அது பேசும், அது இல்லன்னா உங்க கையில இருக்கிறது வெறும் பிளாஸ்டிக் தட்டு. கிட்டார் ஹீரோ கேமோட டாங்கிள் ஒண்ணு இருக்கு அதக் குத்திக்கலாம்னு யாராச்சும் சொன்னா அதையும் கண்ணால பாக்காம நம்பாதீங்க.

சரி, டாங்கிள் மட்டும் தனியா வாங்கிக்கலாமேன்னு கேப்பீங்க. யாரு செய்றா இப்ப? மொத கேம் 2009 அக்டோபர்ல வந்துச்சு, ஃப்ரீஸ்டைல்கேம்ஸ் செஞ்சு ஆக்டிவிஷன் வெளியிட்டது, ரெண்டாவது 2010-ல, அப்புறம் 2011 பிப்ரவரியில ஆக்டிவிஷன் கிட்டார் ஹீரோ, டிஜே ஹீரோ கேமுங்கள நடத்துன பிரிவையே மூடிட்டாங்க. அதனால வெளிய சுத்துறது எல்லாமே பழைய சாமான்தான், டாங்கிள் தனியா வந்தாலும் விக்கிறவனுக்கு அதோட அருமை தெரியும், டர்ன்டேபிள் வெலைய அதுக்கே கேப்பான்.

உங்களுக்கு அந்த கேம்தான் முக்கியம், பிஎஸ்3-தான் வேணும்னு இல்லன்னா வேற வழி இருக்கு. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த டர்ன்டேபிளுக்கு டாங்கிளே கிடையாது, நேரா கன்சோல் கூட சேர்ந்துக்கும். நின்டெண்டோ வீ-க்கு வந்ததுல ரிமோட்ட தட்டுக்குள்ளயே சொருகணும், தொலைய எதுவும் இல்ல. செகண்ட் ஹேண்டுன்னா நான் இந்த ரெண்டத்தான் பாப்பேன். ஆனா ஒண்ணு, வீ-ல ரீஜன் லாக் உண்டு, 360-லயும் நெறைய டிஸ்க்குக்கு உண்டு, அமெரிக்கா டிஸ்க்க நம்ம ஊரு மெஷின்ல போட்டா வாங்க மாட்டேன்னு நிக்கும். பிஎஸ்3-ல அந்தத் தலவலி இல்ல. ஒண்ணுல நிம்மதின்னா இன்னொண்ணுல இழுக்குது, என்ன செய்ய.

எதுவா இருந்தாலும் கன்சோல்ல போட்டு ஓட விட்டுப் பாத்துட்டுதான் காசு. பிஎஸ்3, 360 டர்ன்டேபிளுக்கு ரெண்டு டபுள்-ஏ பேட்டரி வேணும், கையோட கொண்டு போங்க, "பேட்டரி இல்லியே"ன்ற சாக்குக்கு எடம் கொடுக்காதீங்க. மொதல்ல பேட்டரி மூடியத் தொறங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு பழைய பேட்டரி உள்ளேயே கசிஞ்சு கம்பி பச்சை புடிச்சிருக்கும், அப்படி இருந்தா வெலையக் கொறைங்க, இல்ல நடையக் கட்டுங்க. பச்சை, சிவப்பு, நீலம் மூணு பட்டனையும் தனித்தனியா அழுத்துங்க, அழுத்திப் புடிச்சுக்கிட்டே தட்ட ரெண்டு பக்கமும் தேய்ங்க, ஏன்னா சில தட்டு ஒரு பக்கம் மட்டும் கேக்கும். கடைசியா கிராஸ்ஃபேடர், அதான் ஒரு பாட்டுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்த இடம் வலமாத் தள்ளுற குமிழ், அங்கதான் நெறைய பேரு ஏமாறுறாங்க. அத நடுவுல விட்டுட்டு கைய எடுத்துருங்க, ஸ்கிரீன்ல கோடு தானா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் துள்ளுச்சுன்னா உள்ள தூசியோ தேய்மானமோ இருக்கு. தூசின்னா எலக்ட்ரானிக் கடையில விக்கிற கான்டாக்ட் கிளீனர் அடிச்சா சரியாயிடும், தேய்ஞ்சு போனா ஆகாது, வெளிய இருந்து பாத்து ரெண்டுல எதுன்னு கண்டுபுடிக்க முடியாது. அதனால ரெண்டாவதுன்னே வச்சு வெல பேசுங்க.

கேள்வி: வணக்கம் சார். பட்டர்வொர்த்ல இருந்து எழுதுறேன். மகனுக்கு 14 வயசு, டிஜே ஆகணும்னு ஒரே புடிவாதம். அவங்க அப்பா பழைய டிஜே ஹீரோ செட் ஒண்ணு பாத்து வச்சிருக்காரு. அதுல பழகுனா பின்னாடி உதவுமா?

பதில்: விளையாட வாங்கிக் கொடுங்க அக்கா, படிக்கன்னு வாங்காதீங்க. அந்த கேம்ல பாட்டு ரெண்ட ஏற்கனவே யாரோ கலந்து வச்சிட்டாங்க, பையன் செய்றது கலர் வர்ற நேரத்துக்கு பட்டன் அடிச்சு தட்டத் தேய்க்கிறது. தாளம் காதுல நல்லா உக்காரும், அது நெசம். ஆனா ரெண்டு பாட்டோட வேகத்த ஒண்ணாக்குறது, எங்க உள்ள விடணும் எங்க வெளிய எடுக்கணும்னு முடிவு செய்றது, டிஜே வேலைன்றதே அதானே, அது எதுவும் அதுல கெடையாது.

நெசமாவே ஆசை இருந்தா ஆரம்பக்காரங்களுக்குன்னு வர்ற யுஎஸ்பி டிஜே கன்ட்ரோலர் பாருங்க. ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 200-ல வேகத்த எந்தப் பக்கம் நகத்தணும்னு லைட்டே காட்டிக் கொடுக்கும், பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 அதுக்கு மேல ஒரு படி, வெலையும் மேலதான். ரெண்டையும் வீட்டுல இருக்கிற லேப்டாப்புல சொருகினாப் போதும். வாங்குறதுக்கு முன்னாடி மொபைல்ல ஒரு டிஜே ஆப் போட்டுக் கொடுத்து ஒரு மாசம் விட்டுப் பாருங்களேன். 14 வயசு புடிவாதம் எவ்வளவு நாள் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாததா.

கேள்வி: ப்ரோ, ஜப்பான்ல இருந்து பீட்மேனியா ஐஐடிஎக்ஸ் (கீயும் தட்டும் வச்சு ஆடுற கோனாமியோட ஆர்கேட் இசை கேம்) கன்ட்ரோலர் எறக்கலாம்னு ஐடியா. டாக்ஸ் எவ்வளவு வரும், வேற என்ன பாக்கணும்?

பதில்: மலேசியாவுல 2024 ஜனவரி 1-ல இருந்து வெளிநாட்டு ஆன்லைன் கடையில வாங்குற 500 வெள்ளிக்கு உள்பட்ட சாமானுக்கு 10 சதவீதம் விற்பனை வரி. அதுக்கு மேல போச்சுன்னா கஸ்டம்ஸ்ல வழக்கமான கணக்கு. வரிய விட ஷிப்பிங்தான் ஆள அடிக்கும் ப்ரோ, ஆர்கேட் சைஸ்னா பெட்டியே பெருசு, கனம் வேற, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே ஷிப்பிங் எவ்வளவுன்னு கேட்டு வாங்கிக்கோங்க.

தட்டு எடப்பக்கமா வலப்பக்கமான்னும் கேளுங்க. ஆர்கேட்ல மொத ஆளுக்கு இடப்பக்கம், ரெண்டாவது ஆளுக்கு வலப்பக்கம், நீங்க எதுல பழகுனீங்களோ அதுதான் கைக்கு வரும். யுஎஸ்பி மாடல்னா கரன்ட் பிரச்சின இல்ல. பழைய கேமுக்காக ஜப்பான் பிஎஸ்2-வும் சேர்த்து எறக்குனீங்கன்னா அது 100 வோல்ட், நம்ம 240 வோல்ட் சுவரு சாக்கெட்டுல நேராக் குத்தினா புகைதான். வோல்டேஜக் கொறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வச்சிக்கோங்க. கேமுக்கு கோனாமியோட இன்ஃபினிடாஸ், அதான் கம்ப்யூட்டர்ல ஆடுற ஐஐடிஎக்ஸ், மாசச் சந்தா. செலவில்லாம வேணும்னா ரசிகருங்க செஞ்ச பிஎம்எஸ் பாட்டு ஃபைலுங்கள பீட்டோராஜான்ற இலவச கம்ப்யூட்டர் புரோகிராம்ல போட்டு ஆடலாம்.

கேள்வி: கேஎல்ல ஒரு கடையில "டெஸ்டட் ஓகே"ன்னு 280 வெள்ளிக்கு டர்ன்டேபிள் செட் வாங்கினேன். மூணே நாள்ல தட்டு வேலை செய்யல. கடைக்கார தவுக்கே ரசீதுல "திருப்பி எடுக்க மாட்டோம்"னு அச்சடிச்சிருக்கிறதக் காட்றாரு. அவ்வளவுதானா?

பதில்: இல்ல. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல உங்களுக்கு இருக்கிற உரிமைய ரசீதுல அச்சடிச்ச ஒரு வரி அழிச்சிட முடியாது. பழைய சாமான்னா புதுசு மாதிரி எதிர்பார்க்க முடியாதுதான், ஆனா ஓகேன்னு சொல்லி வித்தது மூணு நாள்ல படுத்தா கடைக்காரரு பதில் சொல்லணும். மொதல்ல வாட்ஸ்அப்ல எழுத்துல கேளுங்க, ரிப்பேரா பணமான்னு, ஒரு தேதியும் போடுங்க. அசையலன்னா பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயம், அதான் டிரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீலு தேவையில்ல. ரசீது, விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், தட்டு ஓடாம நிக்கிற வீடியோ எல்லாம் சேத்து வையுங்க. பினாங்குப் பக்கம் இருக்கிறவங்க பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துலயும் கேக்கலாம்.

ஆனா இது கடைக்குத்தான். வீட்டுல சும்மா கெடந்தத வித்த தனி ஆளு மேல இந்தச் சட்டம் பாயாது. மேல செந்தூல் தம்பிக்கு அவ்வளவு நீளமாச் சொன்னது அதனாலதான்.

கேள்வி: டிஜே ஹீரோ டர்ன்டேபிள வச்சே ஐஐடிஎக்ஸ் ஆட முடியாதா அண்ணே?

பதில்: அதுல மூணு பட்டன், ஐஐடிஎக்ஸ்க்கு ஏழு கீ, அதுக்கு மேல ஒரு தட்டு. மிச்ச நாலுக்கு என்ன பண்ணப் போறீங்க, மூக்கால அடிப்பீங்களா?