கடலோர வீட்டில் சமையலறை மர அலமாரிகளை நாமே புதுப்பிக்க முடியுமா?

மண்டபம் ஊரில் கடலை ஒட்டிய வீடு, தேக்குக் கதவுகள் பிசுபிசுக்கின்றன, பாலிஷ் திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டது, ஆசாரியைக் கூப்பிடாமல் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நான் பாம்பன்காரன், எங்கள் வீட்டு அலமாரிக்கு நானேதான் பூசினேன்.

எல்லோரும் எந்த பாலிஷ் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நம் ஊரில் கழுவுவதுதான் பாதி வேலை. கதவில் படிந்திருப்பது தாளிப்பு எண்ணெய் மட்டுமல்ல, அதில் ஒட்டிக்கொண்ட உப்பும்கூட. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் உப்புத்தாளை (மரம் தேய்க்கும் சொரசொரப்புத் தாள்) போட்டால் அழுக்கு மர இழைக்குள் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாலிஷும் பிடிக்காது. கதவுகளைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். அடுத்து வெறும் தண்ணீர். அதற்கு ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம், அதுவே உப்பாக இருக்கும். காவிரிக் குழாய்த் தண்ணீரையோ விலைக்கு வாங்கும் குடத்து நீரையோ கொஞ்சம் செலவழியுங்கள். வீட்டில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. நிழலில் முழுதாகக் காயட்டும்.

பிறகு கதவின் உள்பக்க மூலையில் ஸ்பிரிட் (பாலிஷ் கரைக்கும் ஆல்கஹால்) தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். கரைந்து ஒட்டினால் அது பழைய அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்குக் கரைந்தால் அது லாக்கர் என்ற வேறு வகைப் பூச்சு. இவை இரண்டும் ஈரத்தில் வெளுப்பவை. அரக்கு பாலிஷில் வெளுப்பு மேலோட்டமாக இருந்தால், ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தாலே மறைவதுண்டு. அப்படியானால் முழுதும் சுரண்டத் தேவையில்லை.

சுரண்டத்தான் வேண்டுமென்றால் 120, 180, 220 எண் தாள்கள், இழை போகும் திசையில் மட்டும். இரும்புக் கம்பிப் பஞ்சு வேண்டவே வேண்டாம். துணுக்கு மரத்தில் தங்கினால் துருப்புள்ளி வைக்கும். பாலிஷுக்குப் பதில் பழைய பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முந்தைய பூச்சின் தூசியில் ஈயம் இருக்கலாம்.

பூசுவதற்கு என் தேர்வு, பிரஷ்ஷால் பூசும் ஒற்றை டப்பா (வேறெதையும் கலக்கத் தேவையில்லாத) பாலியூரித்தேன் வார்னிஷ், மங்கலான ரகம். பளபளப்பு ரகம் ஒவ்வொரு கீறலையும் கைரேகையையும் காட்டிக்கொடுக்கும். மெல்லிய மூன்று பூச்சு, நடுவில் 320 எண் தாளால் லேசான தேய்ப்பு. பின்பக்கத்தையும் விளிம்புகளையும் விட்டுவிடாதீர்கள், ஈரம் அங்கேதான் நுழைகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஆடிக்காற்றிலும் வேண்டாம், ஈரப் பூச்சில் மணல் ஒட்டும். மாசி, பங்குனி தோதான காலம். தின்னர் புழங்கும் இடத்தில் அடுப்போ பூஜை விளக்கோ எரியக் கூடாது, சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

கீல்களையும் திருகுகளையும் இதோடு மாற்றிவிடுங்கள். கடையில் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் கேட்டால் போதாது. 316 ரகம் கிடைத்தால் அதை வாங்குங்கள், அதில் மாலிப்டினம் இருப்பதால் உப்புக்கு 304ஐ விட நன்றாகத் தாங்கும். தட்டிப் பார்த்துக் கதவு முழுத் தேக்கில்லை, பிளைவுட்டின் மேல் ஒட்டிய வெனீர்தான் (மெல்லிய மரத் தகடு) என்று தெரிந்தால் 220 தாள் மட்டும் போடுங்கள். அந்த வெனீரும் உப்பிக் கிளம்பியிருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டுவிடுங்கள்.