குடும்பத்தில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தால் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

"அண்ணனுக்கு ஆட்டிசம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். பயமாக இருக்கிறது." இவ்வளவுதான் எழுதியிருக்கிறீர்கள். எழுதாததும் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன். மாதாமாதம் "நாள் தள்ளிப்போச்சா" என்று கேட்கிறார்கள். அதே வாயால் "உங்க அண்ணன் மாதிரி..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துகிறார்கள். அந்தப் பாதிப் பேச்சோடுதான் ராத்திரி படுக்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள், என் வீட்டுக் கதையை உங்கள் மேல் ஏற்றிவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. கரூரில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஆட்டிசம் என் தம்பிக்கு. 1996-ல் பிறந்தவன். ஐந்து வயது வரை "ஆம்பளப் பையன், லேட்டாத்தான் பேசுவான்" என்றே எல்லோரும் சொன்னார்கள். சாயங்காலமானால் அப்பா அவனை ஜங்ஷனுக்குக் கூட்டிப்போவார். அங்கே கேட்ட அறிவிப்புதான் அவன் முதலில் பேசிய முழு வாக்கியம். இன்றைக்கும் ஏதாவது முக்கியமாக வேண்டுமென்றால் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பான். நாங்கள் திரும்பிப் பார்த்த பிறகு "தயிர்" என்பான்.

எனக்கு வரன் பார்த்தபோது தரகர் அப்பாவிடம், "அவங்க வர்றப்ப பையன எங்கயாச்சும் அனுப்பிருங்க" என்றார். அப்பா அனுப்பவில்லை. இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவதாக வந்தவர்தான் என் வீட்டுக்காரர். அவர்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து அத்தை கேட்டார்: "ரத்தத்துல வருமாமே, அப்படியா?"

2021-ல் கோயம்புத்தூரில் ஒரு மரபணு ஆலோசகரைப் பார்த்தோம். அவர் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்தார். உறவினர்கள் போனில் அனுப்பும் "ஐந்தில் ஒன்று" என்ற கணக்கு, ஏற்கெனவே ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோருக்கு அடுத்துப் பிறக்கும் குழந்தையைப் பற்றியது. அது என் அம்மாவுக்கான கணக்கு, எனக்கானது இல்லை. மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ ஆட்டிசம் இருந்தால் என்ன என்று ஸ்வீடனில் லட்சக்கணக்கான குழந்தைகளின் பதிவுகளை வைத்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வந்தது. அதன்படி அப்படிப்பட்ட குழந்தைகளில் 100-க்கு 3 முதல் 5 பேருக்கு இருக்கலாம். பொதுவாக அங்கே 100-க்கு 1.5. ஆக, கூடுதல்தான். ஆனால் 100-க்கு 95 பேருக்கோ அதற்கும் கூடுதலானவர்களுக்கோ ஆட்டிசம் இருக்காது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பிறகு நான் கையை நீட்டி, "எனக்கு என்ன டெஸ்ட் எடுக்கணும் மேடம்?" என்றேன். "உங்களுக்கு இல்லம்மா, முதல்ல தம்பிக்கு" என்றார். ஆட்டிசத்தோடு சேர்த்துப் பேசப்படும் மரபணுக்கள் நூற்றுக்கு மேல். எதைத் தேடுவது என்று தெரியாமல் என் ரத்தத்தில் தேடிப் பயனில்லை. அவனிடம் குறிப்பாக ஏதாவது மாற்றம் தெரிந்தால் மட்டும், அது எனக்கும் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஃப்ரஜைல் எக்ஸ் (ஒரு குறிப்பிட்ட மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது), மைக்ரோஅரே (குரோமோசோம்களில் ஏதாவது துண்டு குறைந்தோ கூடியோ இருக்கிறதா என்று பார்ப்பது) என்று இரண்டு சோதனை எழுதிக் கொடுத்தார்.

ஊசி என்றால் தம்பி சுவரோரம் போய்க் காதைப் பொத்திக்கொள்வான். அம்மா ஒரு வாரம் படம் வரைந்து காட்டிப் பழக்கினார். கை, கட்டு, ஊசி, பஞ்சு, கடைசியில் ரயில். அன்றைக்கு லேபில் அவன் சட்டைக் கையைத் தானே மடித்து நீட்டினான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவனை மாதிரி இன்னொருத்தர் பிறந்துவிடக் கூடாது என்று பார்ப்பதற்கு இவனிடமே ரத்தம் வாங்குகிறேன். எதற்கென்று தெரியாமல், அக்கா கேட்டாள் என்பதற்காகக் கொடுக்கிறான். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

ரிசல்ட்டில் ஒன்றும் இல்லை. காரணம் தெரியவில்லை என்பதுதான் கிடைத்த விடை. நிறையப் பேருக்கு அப்படித்தான் வரும் என்று ஆலோசகர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அன்றைக்கு அம்மாவும் கூட வந்திருந்தார். ஒரு காலத்தில் வெளிநாட்டு டாக்டர்களே தாயின் பாசக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று நம்பியதையும், 1977-ல் இங்கிலாந்தில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுக்குப் பிறகு அது மரபு சார்ந்தது என்று தெளிவானதையும் ஆலோசகர் சொன்னார். அம்மா மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் கிரகணத்தன்னிக்கு வெளிய வந்ததுனால இல்லீங்களா?" இருபத்தைந்து வருடம் அதை நெஞ்சில் வைத்திருந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது.

அந்த வாரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அம்மாவிடம் நேராகவே கேட்டேன், பெத்துக்கவா வேண்டாமா என்று. அம்மா சொன்னது: "அவன மாதிரி வந்துருமேன்னு எனக்குப் பயமில்ல கண்ணு. நான் ஒத்தையில கெடந்தேன் பாரு, அப்படி நீ கெடக்கக்கூடாது. செவ்வாக்கெழம மத்தியானம் ரெண்டு மணி நேரம் புள்ளைய யாருகிட்ட குடுப்பே? ஆள் பேரு சொல்லு."

நானும் வீட்டுக்காரரும் உண்மையிலேயே உட்கார்ந்து பெயர் எழுதினோம். ஐந்து பெயர். ஐந்து பேரையும் போய்க் கேட்டோம். இரண்டு பேர் மாட்டேன் என்றார்கள். அதில் ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னார், அவர் மேல் இன்றும் மரியாதை வைத்திருக்கிறேன். நான் எதிர்பார்க்காத ஆள் அத்தைதான். "எனக்கு எப்படிப் பாத்துக்கறதுன்னு தெரியாதே" என்றவர், சனிக்கிழமைகளில் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்து தம்பியோடு இருந்து பழகினார். மிக்சி போடுவதற்கு முன் அவனிடம் சொல்லிவிட்டுப் போட வேண்டும் என்பதை அவராகவே கண்டுபிடித்தார். பிறகு அம்மா வீட்டுத் தெருவிலேயே வாடகைக்கு வந்தோம். மகன் பிறந்தான்.

அவனோடு நிறுத்திக்கொண்டோம். அம்மாவுக்குப் பிறகு தம்பி எங்களோடுதான். எங்கள் கைக்கு இரண்டு பேர் போதும்.

இதைச் சொல்லும்போது வேறொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா இறந்த பிறகு தம்பி பெயரில் பணம் போடப் போனால், ஒரு வங்கிக் கிளையில் கோர்ட் உத்தரவு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 18 வயது முடிந்துவிட்டால் பெற்ற தாயும் சட்டப்படி பாதுகாவலர் சான்றிதழ் வாங்க வேண்டும். 1999-ம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி அதை ஆட்சியர் தலைமையிலான குழு தருகிறது. அந்தச் சான்றிதழை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா நான்கு முறை நடந்தார். நாலாவது முறை கவுன்டரில் இருந்தவர், "இவனுக்கெல்லாம் எதுக்குங்க அக்கவுண்ட்" என்றார், தம்பி பக்கத்தில் நிற்கும்போதே. அவனுக்குப் புரியாது என்று நினைத்தார். அன்று ராத்திரி தம்பி அந்த வாக்கியத்தை அதே குரலில் திரும்பத் திரும்பச் சொன்னான். உங்கள் அண்ணனுக்கு 18 முடிந்திருந்தால் அந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

தெரிந்தே பெற்றுக்கொண்டது சுயநலம் என்று சிலர் எழுதுவார்கள். ஆட்டிசம் நோயல்ல, எதற்கு டெஸ்ட் என்றும் சிலர் எழுதுவார்கள். இரண்டாவது ஆட்கள் சொல்வது எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் அந்தப் படிக்கட்டில் நானே அதைத்தான் நினைத்தேன். ஆனால் ராத்திரி தூங்காத பிள்ளையோடு என் அம்மா இருந்த வருடங்களையும் நான் பார்த்தவள். வேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு தோழியும் எனக்கு உண்டு. அவள் கேட்ட பேச்சு நான் கேட்டதைவிட அதிகம். அவளும் யோசித்துத்தான் முடிவெடுத்தாள்.

ஒரு அண்ணி, "பொண்ணாப் பாத்துப் பெத்துக்கோ" என்றார், ஆண் பிள்ளைகளுக்கே அதிகம் வருகிறதாமே என்று. பாலினம் பார்ப்பதும் தேர்ந்தெடுப்பதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்களுக்கு வலிப்பு இருந்து வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மட்டும், கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள்; கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு கூடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

என் மகனுக்கு இருக்கிறதா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் அதையே உங்களுக்கான விடையாக எடுத்துக்கொள்வீர்கள்.

அண்ணனுக்கு ரத்தம் எடுக்கப் போவதென்றால் லேப் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள், கூட்டம் இருக்காது. முன்கூட்டியே படம் வரைந்து காட்டுங்கள். கடைசிப் படம் அவருக்குப் பிடித்ததாக இருக்கட்டும், அதை அன்றைக்கே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். நாங்கள் லேபிலிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனோம்.