மூச்சுத் திணறல், முதுகு வலி: உதவித்தொகை கேட்போருக்குச் சில பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "எனக்கு ஆஸ்துமா, முதுகிலும் கோளாறு. அரசாங்கத்தில் உடற்குறை உதவித்தொகை கிடைக்குமா?" சிங்கப்பூரில் எந்தத் திட்டமும் நோயின் பெயரைப் பார்த்துப் பணம் தருவதில்லை. அன்றாட வேலைகளை நீங்களே செய்துகொள்ள முடிகிறதா, ஏதாவது ஒரு வேலைக்குப் போக முடிகிறதா, வீட்டில் வருமானம் எவ்வளவு, பாதிப்பு வேலையிடத்தில் வந்ததா என்று ஒவ்வொரு திட்டமும் வேறு வேறு கேள்வியைக் கேட்கிறது. உங்களுக்குப் பொருந்தும் கேள்வி எதுவோ, அதைக் கேட்கும் இடத்துக்குத்தான் விண்ணப்பம் போக வேண்டும்.

எனக்கு 54 வயது, கிடங்கில் வேலை. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இப்போது இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டது என்கிறார்கள், எடை தூக்க முடியவில்லை. வேலையும் போய்விட்டது. கேர்ஷீல்டில் மாதாமாதம் பணம் வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். வருமா? (ஈசூன்)

அநேகமாக வராது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்கள் அலைச்சல் மிச்சம்.

கேர்ஷீல்டு லைஃப் கடுமையான உடற்குறைக்கான காப்புறுதி. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றை இன்னொருவர் கை கொடுக்காமல் செய்ய முடியாத நிலை இருக்க வேண்டும். சிரமப்பட்டுச் செய்வது, நேரமெடுத்துச் செய்வது, கைத்தடியோடு செய்வது எல்லாம் அவர்கள் கணக்கில் 'செய்ய முடிகிறது' என்பதுதான். 20 கிலோ மூட்டையைத் தூக்க முடியாதது அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆஸ்துமாவோ வந்து வந்து போகும் நோய். மூச்சு வாங்கும் நாளில் படுத்துக் கிடந்தாலும் மறுநாள் நடமாடிவிடுவீர்கள்.

ஆனாலும் உங்கள் பெயர் திட்டத்தில் இருக்கிறதா என்று சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாகப் பார்த்து வையுங்கள். 1970 முதல் 1979 வரை பிறந்து, கேர்ஷீல்டுக்கு முன்பு இருந்த எல்டர்ஷீல்டு 400 காப்புறுதியில் இருந்து, கடுமையான உடற்குறை இல்லாதவர்களை 2021 டிசம்பரில் தாமாகவே கேர்ஷீல்டுக்கு மாற்றினார்கள். 2020இல் 600 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) தொடங்கிய மாதத் தொகை 2025இல் 662 வெள்ளி ஆனது. இன்று தேவைப்படாவிட்டாலும் பின்னால் உதவும்.

உங்கள் நிலையில் நான் முதலில் போகும் இடம் பேட்டையிலுள்ள சமூக சேவை அலுவலகம். வேலை இழந்தவர்களுக்கும், உடல்நலத்தால் கொஞ்ச காலம் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கும் காம்கேர் என்ற அரசாங்க உதவித் திட்டத்தின் குறுகிய, நடுத்தரக் கால உதவி உண்டு. அங்கே பார்ப்பது குடும்ப வருமானத்தையும் சேமிப்பையும், உங்களால் என்ன வேலை செய்ய முடியும் என்பதையும்தான். எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்றிதழை) கட்டுக்கட்டாக எடுத்துப் போவதைவிட, 'குனிந்து தூக்கும் வேலை கூடாது, தூசியும் ரசாயனப் புகையும் உள்ள இடம் கூடாது, அரை மணிக்கு மேல் தொடர்ந்து நிற்க முடியாது' என்ற மாதிரி உங்கள் மருத்துவர் எழுதித் தரும் ஒரு பக்கக் கடிதம் நன்றாக வேலை செய்யும். 'ஆஸ்துமா, முதுகு வலி' என்று இரண்டே சொல்லில் முடியும் கடிதத்தை வைத்து எந்த அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. மசேநியில் (மத்திய சேமநிதியில்) பணம் செலுத்திவந்த பலருக்குத் தங்களிடம் சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் இருப்பதே தெரியாது. குடும்பத் தலைவர் இறந்தால் வரும் பணம் என்று மட்டுமே நினைக்கிறார்கள். முழுமையான, நிரந்தர உடற்குறைக்கும் அது பொருந்தும். 60 வயது வரை 70,000 வெள்ளி, அதன் பிறகு 65 வரை 55,000 வெள்ளி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனை மசேநியிலிருந்து கட்டுகிறீர்களானால் வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்திலும் இதே போன்ற காப்பு உண்டு. ஆனால் 'இனி எந்த வேலையும் செய்யவே முடியாது' என்று மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். கிடங்கு வேலை முடியாது, பாதுகாவலர் வேலை முடியும் என்றால் கோரிக்கை நிற்காது. மருத்துவக் காரணத்துக்காக மசேநிப் பணத்தை முன்கூட்டியே எடுப்பதற்கும் ஏறக்குறைய இதே அளவுகோல்தான், அப்போதும் ஒரு பகுதியை ஓய்வுக்காலத்துக்கு ஒதுக்கிவிடுவார்கள். 54 வயதில் அந்தப் பணத்தைத் தொட நான் யாருக்கும் எளிதில் யோசனை சொல்லமாட்டேன்.

அம்மாவுக்கு 72 வயது. முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு குளிக்கவும் உடுத்தவும் படுக்கையிலிருந்து எழவும் நாங்கள்தான் உதவுகிறோம். உடற்குறை மதிப்பீட்டுக்கு ஆள் வந்தால் என்ன சொல்ல வேண்டும்? (தோ பாயோ)

நடப்பதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம் வீடுகளில் அதுதான் கடினம்.

பல முறை பார்த்திருக்கிறேன். மதிப்பீட்டாளர் வரும் நாளில் அம்மா தலைவாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். "குளிக்க முடியுதாம்மா?" என்று கேட்டால், "அதெல்லாம் நானே பாத்துக்குவேன்" என்பார். அந்தச் சேலையைக் கட்டிவிட்டது மருமகள் என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். வெளியாள் முன்னால் இயலாமையை ஒப்புக்கொள்வது அவருக்குக் கௌரவக் குறைவு. அதனால் முந்தின நாளே அவரிடம் பேசுங்கள். "உங்களால முடியலைன்னு யாரும் குறையா நினைக்கப் போறதில்ல, எங்களுக்கு உதவி வாங்கத்தான் இது" என்று சொல்லிப் புரியவையுங்கள். மிகைப்படுத்தச் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லும்போது, தினமும் அவரைக் கவனித்துக்கொள்ளும் ஆள் பக்கத்தில் இருக்கட்டும். வேலைக்குப் போய் இரவில் வரும் மகனைவிட, பகலில் கூட இருக்கும் மருமகளுக்கோ பணிப்பெண்ணுக்கோதான் விவரம் தெரியும்.

2002இல் எல்டர்ஷீல்டு தொடங்கியபோது அம்மா அதில் சேர்க்கப்பட்டு, விலகாமலும் இருந்திருந்தால், மாதம் 300 வெள்ளி வீதம் 60 மாதம் வரை கிடைக்கும். பின்னால் 2007இன் திட்டத்துக்கு மாறியிருந்தால் 400 வெள்ளி, 72 மாதம். இங்கும் ஆறில் மூன்று என்ற அதே விதி. சுகாதார அமைச்சின் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் மருந்தகத்தில் (கிளினிக்கில்) பார்த்தால் 100 வெள்ளி, வீட்டுக்கு வரவழைத்தால் 250 வெள்ளி. முதல் மதிப்பீட்டுக்குக் கட்டண விலக்கு உண்டா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அளவை எட்டாவிட்டாலும் வீட்டுப் பராமரிப்பு மானியம் இருக்கிறது. மூன்று அன்றாட வேலைகளுக்கு எப்போதும் ஓரளவு உதவி தேவைப்படும் நிரந்தர நிலை போதும், முழு உதவி வேண்டும் என்பதில்லை. மாதம் 400 வெள்ளி வரை இருந்ததை, 2026 ஏப்ரல் முதல் 600 வெள்ளி வரை உயர்த்துவதாக அறிவித்தார்கள். தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், தொலைபேசி 1800-650-6060. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

துவாசில் கப்பல் பட்டறையில் ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறேன். ஆறு மாதமாக மூச்சு இழுப்பு. ஞாயிறு ரூமில் இருந்தால் சரியாகிவிடுகிறது. டிரம் உருட்டியதில் முதுகும் பிடித்துக்கொண்டது. ஒர்க் பெர்மிட் ஆளுக்கு ஏதாவது கிடைக்குமா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

கிடைக்கும், தம்பி. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் உள்ளூர் ஆள், வெளிநாட்டு ஆள் என்று பிரிப்பதில்லை. உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி, 'ஞாயிறு ரூமில் இருந்தால் சரியாகிவிடுகிறது' என்பதுதான். இரண்டு பாக பெயிண்டில் சேரும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருப்பதுண்டு. தொழில்வழி ஆஸ்துமாவுக்கு அது பெயர்பெற்ற காரணம், தொழில்வழி ஆஸ்துமாவும் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

மருத்துவரிடம் 'சளி, இருமல்' என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வராதீர்கள். என்ன வேலை, எந்த பெயிண்ட், என்ன மாஸ்க், எந்த நாளில் மோசம், எந்த நாளில் நலம் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். பெயிண்ட் டின்னின் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரைக் கொடுத்தால் வேலை நாளிலும் விடுப்பு நாளிலும் ஒரு நாளில் பல தடவை ஊதி, நேரத்தோடு எழுதுங்கள். அந்த எண்கள் ஏறி இறங்கும் விதத்தை வைத்துத்தான் மருத்துவர்கள் வேலையிடத்தோடு தொடர்பைக் கண்டுபிடிக்கிறார்கள். வேலையைத் தொடர்ந்துகொண்டே இருந்தால் நோய் முற்றும், பிறகு பெயிண்டை விட்டாலும் முழுமையாகத் தீராமல் போகலாம்.

முதுகைத் தனியாகப் பாருங்கள். டிரம் உருட்டிய நாள், நேரம், பக்கத்தில் இருந்தவர் யார் என்று இன்றே குறித்து, சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். வாய்ச்சொல் நிற்காது. விபத்து நடந்து 1 ஆண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். வேலை போய்விட்டாலும், பெர்மிட் ரத்தானாலும் அந்த உரிமை போகாது. மருத்துவச் செலவும், மருத்துவ விடுப்புக்கான சம்பளமும், நிரந்தர இயலாமை இருந்தால் அதற்கான தொகையும் இழப்பீட்டில் அடங்கும். 'ஊருக்குப் போ, பிறகு பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் கிளம்பும் முன் மனிதவள அமைச்சிடமோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ பேசுங்கள். லிட்டில் இந்தியாவில் டிடபிள்யூசி2 என்ற வெளிநாட்டு ஊழியர் நல அமைப்பின் தொண்டர்களும் இலவசமாக வழி சொல்வார்கள். கமிஷன் கேட்கும் ஆளிடம் போகாதீர்கள்.

தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். நாள் முழுக்க உட்கார்ந்து முதுகு போய்விட்டது. எனக்கும் இழப்பீடு உண்டா? (உட்லண்ட்ஸ்)

2025 ஜனவரி 1 முதல் உங்களைப் போல் செயலி வழியாக வேலை எடுக்கும் இணையத்தள ஊழியர்களுக்கும் வேலைக் காயக் காப்புறுதி கட்டாயம். பயணம் எடுத்துக்கொண்டு ஓட்டும்போது பின்னால் ஒரு கார் இடித்து முதுகில் அடிபட்டால் கோரலாம். வருடக்கணக்கில் உட்கார்ந்ததால் மெல்ல மெல்ல வந்த வலிக்கு விபத்து என்று காட்ட ஒரு நாள் கிடையாது, அதனால் கோரிக்கை நிற்பது கடினம்.

மாதாமாதம் இன்ஹேலர், பிசியோதெரபி இரண்டுக்கும் செலவு. மெடிசேவ் (மசேநி மருத்துவச் சேமிப்பு) பயன்படுமா? (பிடோக்)

இன்ஹேலருக்கு ஆம். ஆஸ்துமா நாள்பட்ட நோய்ப் பராமரிப்புப் பட்டியலில் இருக்கிறது, பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகத்திலோ மெடிசேவிலிருந்து கழிக்கலாம். சாஸ் என்ற மருத்துவ மானிய அட்டை இருந்தால் கழிவும் உண்டு. சாதாரண முதுகு வலி அந்தப் பட்டியலில் இல்லை. பிசியோதெரபிக்குப் பலதுறை மருந்தகத்திலிருந்து கடிதம் வாங்கி அரசு மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணத்தில் முடியும், நேரே தனியாரிடம் போனால் முழுக் கட்டணம்.

கேர்ஷீல்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மீண்டும் போடலாமா? (சுவா சூ காங்)

நிலை மோசமாகியிருந்தால் போடலாம். அதே நிலை, அதே காகிதம் என்றால் அதே பதில்தான் வரும், மதிப்பீட்டுக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். முந்தைய அறிக்கையில் எந்தெந்த வேலையை 'முடிகிறது' என்று குறித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவற்றில் இன்று எதற்கு ஆள் துணை வேண்டியிருக்கிறது என்பதை மருத்துவர் எழுதித் தந்த பிறகு விண்ணப்பியுங்கள்.