விளையாடும்போது மட்டும் கணினி அணைந்துபோகிறது: கிராஃபிக்ஸ் கார்டை மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். குறைந்தபட்சம் இந்த வாரம் வேண்டாம்.

படம் பார்த்தாலும் பாடம் படித்தாலும் கணினி நாள் முழுவதும் ஓடுகிறது, விளையாட உட்கார்ந்தால் சிறிது நேரத்தில் பொட்டென்று அணைந்துவிடுகிறது, நீலத்திரையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை என்கிறீர்கள். பார்த்த கடைக்காரர் பழியைத் தூக்கி கார்டின் தலையில் போட்டுவிட்டார். கார்டு கெட்டால் பெரும்பாலும் திரையில் கோடு விழும், கட்டம் கட்டமாக நிறம் மாறும், அல்லது விளையாட்டு மட்டும் மூடிக்கொள்ளும். மொத்தப் பெட்டியும் பிளக்கைப் பிடுங்கியதுபோல நின்றால் மின்சாரம் வரும் பாதையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், அதற்கடுத்து சூட்டை.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. அடுத்த முறை அணையும்போது மானிட்டரின் சிறிய விளக்கைப் பாருங்கள். அந்த விளக்கும் சேர்ந்து அணைந்தால் கோளாறு சிபியு பெட்டிக்கு வெளியே, அதாவது யுபிஎஸ்ஸிலோ பிளக்கிலோ இருக்கிறது. விளக்கு எரிந்துகொண்டே 'சிக்னல் இல்லை' என்று மானிட்டர் காட்டினால் கோளாறு பெட்டிக்குள்ளே. இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் மாட்டுகிறோம்.

மதுரை திருநகரில் என் அண்ணன் மகன் இதே புலம்பலோடு கூப்பிட்டான். "கார்டு போய்விட்டதா சித்தப்பா?" என்றான். மேசைக்கு அடியில் குனிந்து, சுவரோடு ஒட்டிக் கிடந்த யுபிஎஸ்ஸைத் திருப்பிப் பின்பக்க லேபிளைத் துடைத்துப் பார்த்தேன். 600 விஏ, 360 வாட். பலரும் அந்த 600ஐத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் அது தாங்குவது 360 வாட்தான். அவனுடைய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு தனியாகவே 170 வாட் வரை இழுக்கும். பிராசஸர், மானிட்டர், விசிறிகள், எஸ்எம்பிஎஸ்ஸில் (பெட்டிக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை) வீணாகும் மின்சாரம் எல்லாவற்றையும் கூட்டினால் 360ஐ உரசிவிடும். பகலில் மின்னழுத்தம் சீராக இருந்தவரை சமாளித்திருக்கிறது. மாலையில் தெரு முழுக்க ஏசி ஓடத் தொடங்கி மின்னழுத்தம் இறங்கியதும் யுபிஎஸ் 'டக்'கென்று பேட்டரிக்கு மாறும். வெயிலில் வெந்து தளர்ந்த பேட்டரி அந்தச் சுமையைத் தாங்காமல் அந்த நொடியே கைவிட்டுவிடும். அவன் மானிட்டர் விளக்கும் சேர்ந்தே அணைந்துகொண்டிருந்தது. யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி விளையாடச் சொன்னேன். அணையவில்லை. நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம், மழை இடி இல்லாத நாளாகப் பார்த்து.

மானிட்டர் விளக்கு அணையவில்லையா? அப்படியானால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். அணைந்தபின் பவர் பட்டனை அழுத்தியும் அசையாமல், பின்னால் உள்ள சுவிட்சை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் '450' என்று போட்டிருப்பதை விடுங்கள், 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 பெருக்கல் 18, வெறும் 216 வாட். கார்டும் பிராசஸரும் உயிர் வாழ்வது அந்த 12 வோல்ட்டில்தான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்களின் யோக்கியதை இந்த ஒரு பெருக்கலில் வெளுத்துவிடும். போதாததற்கு, நவீன கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தம் சராசரியைவிட நிறைய இழுக்கும். அதனால்தான் சண்டைக் காட்சியில் தாக்குப்பிடித்த கணினி சில சமயம் விளையாட்டின் மெனுத் திரையில் அணைந்துபோகிறது. அங்கே பிரேம் எண்ணிக்கைக்கு, அதாவது வினாடிக்கு எத்தனை படம் வரைவது என்பதற்குக் கடிவாளம் இல்லாததால் கார்டு வெறிபிடித்து ஓடும்.

உறுதிப்படுத்திக்கொள்ள எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் நிரலில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கான உச்சவரம்பு) 70 சதவீதத்துக்கு இறக்கி, பிரேமை 60க்குக் கட்டிப்போட்டு விளையாடுங்கள். அணையவில்லை என்றால் உங்கள் கார்டு அநேகமாக நிரபராதி. ஒன்று மட்டும்: எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் ஷாக் அடிக்கும்.

இனி சூடு. சித்திரை, வைகாசியில் மதுரை மாடி அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறை பத்து டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். ஆனால் இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். ஆகவே சூடுதான் காரணம் என்றால், அணைவதற்கு முன்பே விளையாட்டு திக்கித் திணறியிருக்கும். எச்டபிள்யூ இன்ஃபோ நிரலில் பதிவை ஓடவிட்டு விளையாடுங்கள். அணைந்த பிறகு கடைசி வரியில் இருக்கும் வெப்பநிலை உண்மையைச் சொல்லும். 70, 75 என்று இருந்தால் பிராசஸர் சூட்டை மறந்துவிடுங்கள். 98 என்று இருந்தால் பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே படிந்திருக்கும் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் முனைகளும் மதர்போர்டில் இறுகியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துப் புதிதாக வையுங்கள்.

கணினியில் நடந்ததைப் பதிந்து காட்டும் விண்டோஸ் ஈவண்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பாக ஒரு பதிவு இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். முறையாக மூடாமல் கணினி நின்றது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ரேம் கோளாறு என்றால் பெரும்பாலும் நீலத்திரை வரும், உங்களுக்கு வரவில்லை.

எஸ்எம்பிஎஸ்தான் என்று முடிவானால், டவுன் ஹால் ரோட்டுக் கடைகளுக்குக் கிளம்பும் முன் கார்டு நிறுவனம் பரிந்துரைக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 3060க்கு அது 550 வாட். கடையில் வாட்டைக் கேட்காமல், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். முடிந்தால் நண்பர் ஒருவருடைய நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம், ஆனால் அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு நிறுவனத்தின் கேபிளை இன்னொன்றில் மாட்டினால் பின்களின் வரிசை மாறி மதர்போர்டே போய்விடலாம்.

யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ் இரண்டின் லேபிளில் உள்ள எண்களையும் கார்டின் பெயரையும் கீழே எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.