பட்லர் இங்கிலீஷ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மகன் உயர்நிலை 2இல் படிக்கிறான். போன மாதம் ஊரிலிருந்து வந்திருந்த என் அண்ணன், அவன் நண்பனோடு போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, “என்னடா இது, பட்லர் இங்கிலீஷ்?” என்றார். அதன்பிறகு மாமா முன்னால் அவன் வாயே திறக்கவில்லை. இவன் பேசுவதை சிங்கிலிஷ் என்பதா, சிங்கப்பூர் ஆங்கிலம் என்பதா, கொச்சை என்று ஒப்புக்கொள்வதா?

ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணன் சொன்ன சொல் நம் ஊரில் பிறந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள் துரையிடமும் துரைசானியிடமும் பேசிய ஆங்கிலத்துக்கு வைக்கப்பட்ட பெயர். இந்தியாவில் வெள்ளைக்காரர் புழங்கிய சொற்களைத் தொகுத்து 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதை உடைந்த ஆங்கிலம் என்கிறது. சொன்ன கையோடு அதன் விதியையும் எழுதிவைக்கிறது: ‘ஐ டெல்லிங்’ என்றால் இனிமேல் சொல்வேன், ‘ஐ டன் டெல்’ என்றால் சொல்லியாச்சு. விதி இருக்கிற பேச்சு எப்படி உடைந்ததாகும்? நாமும் நிகழ்காலத்தை வைத்தே ‘நாளைக்குச் சொல்றேன்’ என்றுதானே சொல்கிறோம். அந்த ஆங்கிலத்துக்கு மெட்ராஸின் பெயர் கிடைக்கவில்லை, பேசியவர் பார்த்த வேலையே பெயராகிவிட்டது. அதே சொல்லை நாமே நம் பிள்ளைமேல் எறிவது எனக்கு வலிக்கிறது.

உங்கள் மகன் பேச்சை ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். ‘ஈட் ஆல்ரெடி’ என்பான். முடிந்தாயிற்று என்று காட்ட சீனத்தில் ‘லெ’ என்ற சொல் செய்கிற வேலையை அங்கே ‘ஆல்ரெடி’ செய்கிறது. நமக்கு அது ‘சாப்பிட்டாச்சு’. ‘கேன் லா’ என்றால் தாராளமாக முடியும். ‘கேன் லோர்’ என்றால், சரி, வேறென்ன செய்ய, ஆகட்டும். ‘கேன் மே?’ என்றால் முடியுமா என்ன என்ற சந்தேகம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் அவன் நண்பர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். முடியுமே, முடியுமோ, முடியுமாம் என்று நாளெல்லாம் பேசுகிறவர்கள் நாம். இடைச்சொல்லுக்கென்று தொல்காப்பியத்தில் ஓர் இயலே இருக்கிறது. இந்த லாவும் லோரும் நமக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

இனி பெயர். நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ் என்று ஊரை முன்னால் வைத்துச் சொல்வது நம் வழக்கம். அதையே இங்கும் செய்யலாம்: சிங்கப்பூர் ஆங்கிலம். அவன் பள்ளிக் கட்டுரையில் எழுதுவதும் அதுதான், போனில் பேசுவதும் அதுதான். போனில் பேசுவதை மட்டும் தனியே சொல்ல சிங்கிலிஷ் போதும். பேசுகிறவர்களே சொல்லிக்கொள்ளும் பெயர் அது. கொழும்பில் மட்டும் அதைச் சொல்லாதீர்கள், சிங்களம் கலந்த ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

2000இல் பிரதமர் கோ சோக் டோங் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டாருக்கு நம் பேச்சு புரியாமல் போகும் என்ற கவலை இருந்தது. நியாயமான கவலை. மகன் பொது ஆங்கிலத்தையும் நன்றாகக் கற்கட்டும். அதற்காக நண்பனிடம் தேர்வுத்தாள் நடையில் பேச வேண்டியதில்லை. நெல்லைக்காரர் யாரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை.

அண்ணன் மறுபடி வரும்போது மகனோடு உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் மளிகைக்கடைக்கு அனுப்புங்கள். அதை அங்கே எல்லோரும் ‘மாமா ஷாப்’ என்கிறார்கள். அந்த ‘மாமா’ தமிழிலிருந்து போனது என்பதை மகனே அவருக்குச் சொல்லட்டும்.

அன்புடன்