வெல்டு வைத்த பிராக்கெட்டுக்கு ரிட்டர்ன் கிடையாது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பின் சஸ்பென்ஷன் பிராக்கெட் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். எல்லாமே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் எழுதியவை. பொருள் என்னவோ சின்னதுதான். கனமான இரும்புத் தகடு, அதில் இரண்டு மூன்று துளை. பின் சக்கரம் இரண்டையும் இணைக்கிற அச்சு ஆக்ஸில்; அதைப் பாடியோடு பிணைக்கிற கீழ்க்கை லோயர் கன்ட்ரோல் ஆர்ம். ஆக்ஸிலில் அந்த ஆர்ம் மாட்டுகிற இடத்தைக் கீழே இறக்கித் தருவது பிராக்கெட்டின் வேலை. ஆனால் ஒருமுறை பற்றவைத்துவிட்டால் கிரைண்டரால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் சில பதில்களில் கொஞ்சம் கறாராக இருந்திருக்கிறேன்.

கே: என்னுடையது 2012 மஸ்டாங் ஜிடி. ஒன்றரை அங்குலம் இறக்கும் ஸ்பிரிங் போட்டேன். அதிலிருந்து வேகமாகக் கிளம்பினால் பின் சக்கரம் தடதடவென்று குதிக்கிறது. ஸ்பிரிங் போட்ட கடையிலேயே இப்போது பிராக்கெட்டும் போடச் சொல்கிறார்கள். உண்மையில் தேவையா, தலையில் கட்டப் பார்க்கிறார்களா?
— வி.எஸ்., டல்லாஸ்

ப: கடைக்காரர் சொல்வதை நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். சமதரையில், கார் நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி அளந்தால் அளவு பொய். லோயர் ஆர்மின் முன் போல்ட் தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஆக்ஸில் பக்கத்துப் பின் போல்ட் எவ்வளவு உயரம் என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரை இறக்கும்போது பாடி மட்டும்தான் கீழே வருகிறது. ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் ஆர்மின் முன்முனை தாழ்ந்துவிடுகிறது. சக்கரம் காரை முன்னால் தள்ளுகிற விசை முழுக்க இந்த ஆர்ம் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. ஆர்ம் முன்னோக்கி ஏறியிருந்தால் அந்த விசை பாடியை மேலே தூக்கி டயரைத் தரையில் அழுத்தும். முன்னோக்கிச் சரிந்திருந்தால் நேர் எதிராக நடக்கும்: பாடி உட்காரும், டயரின் பிடி விட்டு விட்டு வரும். நீங்கள் சொல்லும் குதிப்புக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பின் போல்ட் முன் போல்ட்டைவிட உயரத்தில் இருந்தால் கடைக்காரர் சொன்னது சரி, பிராக்கெட் போடுங்கள். முன் போல்ட்தான் உயரம் என்றால் ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா, டயர் கெட்டிப்பட்டுவிட்டதா என்று முதலில் பாருங்கள். போட்டாலும் ஆர்மை மாட்ட எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் கடைசித் துளைக்கு ஓடாதீர்கள். அளவுக்கு மீறி இறக்கினால் கிளம்பும்போது நின்ற குதிப்பு பிரேக் பிடிக்கும்போது வந்து சேரும்.

கே: போல்ட் போட்டு மாட்டுவதா, வெல்டு வைப்பதா? எதை வாங்குவது?
— ஆர்.கே., அட்லாண்டா

ப: தெருவில் மட்டும் ஓட்டுவீர்கள் என்றால் போல்ட். ஸ்லிக் டயர் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்) போட்டு, நேர்கோட்டுப் பந்தயம் நடக்கும் டிராக் ஸ்ட்ரிப்புக்குப் போவீர்கள் என்றால் வெல்டு.

கே: 2022 மஸ்டாங் வைத்திருக்கிறேன். வெல்டு பிராக்கெட் போட்டால் வாரண்டி போய்விடுமா?
— எம்., எடிசன்

ப: உங்கள் காரில் அதைப் பற்றவைக்க இடமே இல்லை. இந்த பிராக்கெட் மாட்டுகிற ஒற்றை ஆக்ஸில் 2014 வரை வந்த மஸ்டாங்கில்தான். 2015 மாடலிலிருந்து பின்பக்கம் சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன். பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கே: தள்ளுபடியில் கிடைத்தது என்று 2005–2014 பிராக்கெட் வாங்கினேன். என் கார் 2001. துளை பொருந்தவில்லை. கொஞ்சம் பெரிதாக்கி ஒரு பக்கம் டேக் (பிடித்து நிற்க வைக்கும் புள்ளி வெல்டு) வைத்தும் பார்த்தேன், சரிவரவில்லை. விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். வழக்குப் போடலாமா?
— ஜி., சார்லட்

ப: போட்டால் தோற்பீர்கள். வருடம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். நீங்களே கடிதத்தில் எழுதியும் இருக்கிறீர்கள். 2001 காரில் பின்பக்கம் நான்கு ஆர்ம், அடுத்த தலைமுறையில் மூன்று ஆர்மும், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ஒரு பான்ஹார்டு ராடும். இரண்டும் வேறு வேறு அமைப்பு. பொருந்தவில்லை என்று தெரிந்த அந்த நிமிடமே பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தால் பணம் வந்திருக்கும். துளையைப் பெரிதாக்கி, அதற்கு மேல் டேக்கும் வைத்த பிறகு எந்தக் கடைக்காரர் எடுப்பார்?

எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். பிராக்கெட் வந்ததும் பெயின்டைத் தொடாதீர்கள். இடது, வலது இரண்டையும் மேஜைமேல் முதுகோடு முதுகு சேர்த்து, ஒரே போல்ட்டை இரண்டு துளையிலும் நுழைத்துப் பாருங்கள். நான் மலிவு என்று ஒரு ஜோடி வாங்கியபோது இதைச் செய்யவில்லை. வெல்டு வைப்பதற்காகப் பெயின்டைச் சுரண்டிப் பளபளவென்று தேய்த்த பிறகுதான் பார்த்தேன்: கீழ்த்துளை இடது தகட்டில் ஓரிடம், வலது தகட்டில் ஓரிடம், நடுவில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம். தேய்த்துவிட்டதால் விற்றவர் எடுக்கவில்லை. தவறு அவருடையதுதான், ஆனால் அதை நிரூபிக்கும் வழியை நானே தேய்த்து அழித்திருந்தேன்.

கே: ஒரு பெர்ஃபார்மன்ஸ் கடையில் 650 டாலர் வாங்கிக்கொண்டு வெல்டு பிராக்கெட் போட்டுத் தந்தார்கள். மூன்றே வாரத்தில் பின்னால் 'டங்' என்று சத்தம். வேறு மெக்கானிக் பார்த்தபோது வலது பிராக்கெட்டின் ஓரம் முழுக்க விட்டிருந்தது. அடியில் பெயின்ட் அப்படியே இருக்கிறது என்றார். கடையில் கேட்டால் 'ரேஸ் பாகத்துக்கு கேரண்டி கிடையாது' என்று அனுப்பிவிட்டார்கள். பில்லில் 'சஸ்பென்ஷன் வேலை' என்று ஒரே வரிதான். மனது விட்டுப்போயிற்று சார்.
— பி.என்., ஃப்ரீமாண்ட்

ப: உங்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. முதலில் காரை ஓட்டுவதை நிறுத்துங்கள். அந்த ஆர்ம் விட்டால் ஆக்ஸில் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். நெடுஞ்சாலையில் அப்படி ஆனால் கார் உங்கள் கையில் இருக்காது.

அடுத்து, யாரும் அதன்மேல் மறுபடி வெல்டு வைக்க விடாதீர்கள். விட்டுப்போன ஓரம்தான் உங்கள் சாட்சி. கிட்டே போய்ப் படம் எடுங்கள். உலோகத்தோடு சேர்ந்த வெல்டு இரண்டு ஓரத்திலும் கரைந்து படிந்திருக்கும். சேராத வெல்டு தகட்டின்மேல் கயிறு கிடப்பது மாதிரி கிடக்கும். பிய்ந்த இடத்தில் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கருகிய பெயின்ட் கோடாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு படம் போதும், இரும்பைச் சுத்தம் செய்யாமலே பற்றவைத்தார்கள் என்று காட்ட. இரண்டாவது மெக்கானிக்கிடம் அவர் பார்த்ததை எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது அந்த ஒற்றை வரிப் பில்லுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம். உங்கள் கலிஃபோர்னியாவில் வேலை தொடங்கும் முன் கடைக்காரர் எழுத்தில் மதிப்பீடு தந்து உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். செய்த ஒவ்வொரு வேலையும், போட்ட ஒவ்வொரு பாகமும் பில்லில் இருக்க வேண்டும். இது சட்டம். 'சஸ்பென்ஷன் வேலை' என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளிக்கலாம். எந்த பிராக்கெட், எந்தத் துளை, பெயின்டைச் சுரண்டியதற்கு எத்தனை மணி நேரம், ஆக்ஸிலை இறக்கினார்களா, காருக்கு அடியில் படுத்தபடியே வைத்தார்களா, ஒன்றுமே தெரியாது. ஒழுங்காக வேலை செய்பவருக்கு இதையெல்லாம் எழுத ஐந்து நிமிடம் போதும். எழுதாமல் விடுவது நாளைக்கு நீங்கள் கேள்வி கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். ஒரு பல் டாக்டர் 'வாய் வேலை' என்று பில் தந்தால் வாங்கிக்கொண்டு வருவோமா? காருக்கு மட்டும் ஏன் வாங்குகிறோம்? பில்லை விரித்து எழுதும்வரை கல்லாவை விட்டு நகராதீர்கள்.

உங்கள் மாநிலத்தில் வாகனப் பழுதுக் கடைகளைக் கண்காணிக்கவே ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது, பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர். படங்களோடும் பில்லோடும் அங்கே புகார் கொடுங்கள், கட்டணம் இல்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். இரண்டும் பலிக்காவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம். அங்கே தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. 650 டாலரோடு, சரிசெய்ய ஆகும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். ரேஸ் பாகம் என்ற பேச்சுக்கு மசியாதீர்கள். பாகம் உடையவில்லை, வெல்டுதான் பற்றவில்லை.

கே: சின்ன மிக் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறேன். வீட்டு கராஜிலேயே நானே வைத்துவிடலாமா?
— டி., ஹூஸ்டன்

ப: இதற்கு முன் எத்தனை முறை வெல்டு வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எழுதாததால் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் வேண்டாம். முதல் வெல்டை வைத்துப் பழகுகிற இடம் பின் ஆக்ஸில் அல்ல.

பழகியவர் என்றால் இதையாவது கேளுங்கள். ஆக்ஸிலைக் கழற்றி வெளியே வைத்துச் செய்யுங்கள். பெட்ரோல் டேங்க்கும் பிரேக் குழாயும் பக்கத்திலேயே ஓடுகின்றன. காரில் வைத்தே செய்வதானால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள், எர்த் கிளாம்ப்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். ஒரே இழுப்பில் வைக்காதீர்கள். ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் அந்தப் பக்கம், நடுவில் கை வைக்கும் அளவுக்கு ஆறட்டும். இல்லையென்றால் ஆக்ஸில் குழாய் வளைந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரேக் கிளீனர். எண்ணெய்ப் பிசுக்கு போக அதை அடித்துவிட்டு உடனே வெல்டு வைப்பவர்கள் உண்டு. குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் ஆர்க் பட்டதும் ஃபாஸ்ஜீன் வாயு வரும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. டப்பாவைத் திருப்பி, குளோரின் இல்லாதது என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். அதுவும் தீப்பிடிக்கும், முழுக்கக் காய்ந்த பிறகு, டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கே: அண்ணை, 2007 மஸ்டாங் ஒன்று பார்த்திருக்கிறேன். பின்பக்கம் பிராக்கெட் ஏற்கெனவே வெல்ட் பண்ணியிருக்கு. சேஃப்டி சர்டிஃபிகேட்டும் இருக்கு, பயப்பட வேண்டாம் என்று விற்கிறவர் சொல்கிறார். வாங்கலாமோ?
— எஸ்., ஸ்கார்பரோ

ப: தம்பி, ஒன்டாரியோ சேஃப்டி சர்டிஃபிகேட் சோதித்த நாளில் கார் எப்படி இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். 36 நாள்தான் அதற்கு ஆயுள், அது வாரண்டியும் இல்லை.

நானும் இதே மாதிரி ஒரு பழைய மஸ்டாங் வாங்கினேன். அடியில் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் (துருப்பிடிக்காமல் அடிக்கும் பூச்சு) அடித்திருந்தது. எவ்வளவு அக்கறையான ஆள் என்று நினைத்துப் பணத்தைக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டியபோது கறுப்பு உரிந்து வந்தது. அடியில் பிராக்கெட்டின் மேல்முனையிலிருந்து ஆக்ஸில் குழாய்க்குள் முடி மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஆக்ஸிலையே மாற்ற வேண்டியதாயிற்று.

உங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு. பெயின்ட் படாத வெல்டின் ஓரம் அந்த உப்பில் சீக்கிரம் அரித்துப்போகும். காரை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, வெல்டின் இரண்டு முனைகளையும் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் முனையில்தான் தொடங்கும். பின் டயர் இரண்டும் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ தனியாகத் தேய்ந்திருக்கிறதா, சக்கரத்தின் உள்ளே எண்ணெய் கசிகிறதா என்றும் கவனியுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் வெல்டு சூட்டில் குழாய் வளைந்திருக்கலாம். அண்டர்கோட்டிங் புதிதாக இருந்தால் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்கிறவர் மறுத்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.